தெற்கு நெபுலா பார்க்க: நிலாவெளியா, மூதூரா?

நிலாவெளிக் கடற்கரை வசதிதான், ஆனால் திருகோணமலை நகரத்து வெளிச்சம் முழுக்கத் தெற்கேதான் நிற்கிறது. மங்கலான கோள்வடிவ நெபுலாக்களுக்கு (சாகும் நட்சத்திரம் வெளித்தள்ளிய வாயு மேகங்கள்) நமக்கு வேண்டியதும் அதே திசை, அவற்றில் ஒன்றான என்.ஜி.சி. 5189 (என்.ஜி.சி. என்பது விண்பொருள் பட்டியல் ஒன்றின் பெயர்) இங்கே உச்சத்திலேயே அடிவானத்துக்கு மேல் சுமார் 15 பாகைதான் ஏறும். மூதூருக்குப் போனால் நகரம் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், முதுகுப் பக்கம் போய்விடும், அப்புறம் மே மாத இரவில் 8 அங்குல டொப்சோனியன் தொலைநோக்கியில் ஓ-த்ரீ பில்டர் (நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டுப் பொறுமையாகப் பார்த்தால் 5189இன் வளைந்த உருவம் தேறும்.

தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது அலுப்பு, சரி. நிலாவெளிதான் என்றால் என்.ஜி.சி. 3918: சிறியது, பிரகாசமானது, குறைந்த உருப்பெருக்கத்தில் நட்சத்திரம் மாதிரியே ஏமாற்றும், ஆனால் பில்டரைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தால் மற்ற நட்சத்திரங்கள் மங்கும், அது மங்காது. பச்சோந்தி விண்மீன் குழுவின் 3195ஐ மட்டும் இரண்டு இடத்திலும் மறந்துவிடுங்கள், அடிவானத்தை உரசிக்கொண்டே போய்விடும்.