தண்ணி இல்லாத ஊர்ல ஒரு காதல்: தி வேவர்ட் க்ளவுட்

மொதல்லயே சொல்லிடறேன், வீட்ல எல்லாரோடயும் உக்காந்து பாக்கற படம் இல்ல இது, பெரியவங்களுக்கு மட்டும். தைவான் படம், 2005ல வந்தது, டைரக்டர் சாய் மிங்-லியாங், பெர்லின் விழால வெள்ளிக் கரடி விருது வாங்கிச்சு. போன வாரம் பெங்களூர் ஹலசூர்ல ஃப்ரெண்டு வீட்ல டிவிடில பாத்தேன், இன்னும் மனச விட்டுப் போகல.

ஊர் பூரா தண்ணிப் பஞ்சம், தண்ணிக்குப் பதிலா தர்பூசணி ஜூஸ் குடிங்கன்னு டிவில சொல்றாங்க. பாரிஸ்லேர்ந்து திரும்பி வந்த ஒரு பொண்ணு பப்ளிக் டாய்லெட்ல பாட்டில் பாட்டிலா தண்ணி புடிச்சு வீட்ல சேத்து வெக்கறா. முன்னாடி நடைமேம்பாலத்துல வாட்ச் வித்துட்டிருந்த பையன மறுபடி பாக்கறா, இன்னும் வாட்ச் விக்கறியான்னு கேக்கறா, ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சுன்னா கிட்டத்தட்ட அவ்ளோதான். அவன் இப்ப ப்ளூ ஃபிலிம்ல நடிக்கறான்னு அவளுக்குத் தெரியாது.

இதுல ஒரு சீன் இருக்கு, ஷவர்ல குளிக்கற மாதிரி ஷூட்டிங், ஆனா குழாய்ல தண்ணி வராது, அதனால ஆளுங்க நின்னு பாட்டில் தண்ணிய மேல ஊத்திட்டே எடுக்கறாங்க. 2024 மார்ச்சுல பெங்களூர்ல இருந்தவங்களுக்கு இது சும்மா ஒரு சீன் இல்லங்க. எங்க அப்பார்ட்மென்ட்ல போர்வெல் வத்திப்போயி ராத்திரி பன்னெண்டு மணிக்கு டேங்கர் வருதான்னு பால்கனில நின்னிருக்கேன், குடிதண்ணில கார் கழுவினா 5000 ரூபா அபராதம்னு வாட்டர் போர்டு போட்ட நேரம் அது. படத்துல பொய்யா ஒரு குளியல் காட்டறதுக்குக் குடிக்கற தண்ணி தரையில ஓடுது, பாக்கவே வயிறு எரிஞ்சுது. உடம்பும் அங்க அப்படித்தான், லைட்டு, வேர்வை, அலுப்பு, அடுத்த டேக். கிளுகிளுப்பு தேடிப் போனா ஏமாந்துதான் வருவீங்க.

நடுவுல திடீர் திடீர்னு பழைய சீனப் பாட்டு, கலர் கலரா டான்ஸ். வெளிநாட்டுக்காரங்களுக்கு இது அதிர்ச்சியா இருந்திருக்கும், எம்ஜிஆர் பாட்டு கேட்டு வளந்த நமக்கு என்ன புதுசு? வாயால சொல்ல முடியாதத பாட்டுல சொல்றாங்க, அவ்ளோதான். மொட்டமாடி தண்ணி டேங்குக்குள்ள வர்ற பாட்டு ரொம்ப அழகு.

க்ளைமாக்ஸ்தான் என்னால முழுசா ஏத்துக்க முடியல. நினைவில்லாம கெடக்கற ஒரு ஜப்பான் நடிகைய வெச்சு ஷூட்டிங்க நிறுத்தாம எடுக்கறாங்க, காதலிக்கற பொண்ணு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறா. அந்தத் தொழிலோட கொடூரத்த காட்டத்தான் வெச்சிருக்காருன்னு புரியுது, ஆனா கெடக்கறவ யாரு, என்ன ஆச்சு அவளுக்குன்னு படம் கேக்கவே மாட்டேங்குது, காதல் ஜோடியோட வலிக்கு அவ ஒரு சாமான் மாதிரி ஆயிட்டா. என் ஃப்ரெண்டு அதுதான் படத்தோட குற்றச்சாட்டேன்னு சொன்னா, நான் இன்னும் ஒத்துக்கல.

பாக்கறதா இருந்தா இதே டைரக்டர், இதே ஜோடி, 2001ல வந்த வாட் டைம் இஸ் இட் தேர் படத்த மொதல்ல பாத்துடுங்க. அப்பதான் அந்த வாட்ச் கேள்வி எவ்ளோ கனம்னு தெரியும்.