சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சிலா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே அந்த நூல் காட்டும் தூரம் சுமார் 15,300 கி.மீ.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இதற்கு இரண்டு வழி உண்டு. எங்கும் நிற்காத விமானத்துக்குப் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இன்னொன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவது: முதலில் 10,200 கி.மீ.க்குச் சற்று மேல், பிறகு சுமார் 6,200 கி.மீ. நடுவில் நிற்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள்.

தூரத்தில் வித்தியாசம் 1,100 கி.மீ. அளவுதான். நேரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு? நேரடி விமானமும் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் பக்கம் சுற்றி, வெகு உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக அடிக்கும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிறது. தூரம் கூடும், நேரம் குறையும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும்போது அதே மேற்குக் காற்று எதிரே வந்து நிற்கும். அதனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்.

பணம் என்று வந்தால் பேச்சே வேறு. நிற்காமல் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆரில் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) மொத்தம் 161 இருக்கைதான்: பிசினஸ் 67, பிரிமியம் எகானமி 94. சாதாரண எகானமியே கிடையாது. நான்கு பேர் குடும்பமாகப் போனால் முடிவு இங்கேயே ஆகிவிடும்.

நான் இரண்டிலும் போயிருக்கிறேன். தனியாகப் போனபோது நேரடி விமானம் அருமையாக இருந்தது. இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு, நடுவில் யாரும் எழுப்பவில்லை. அம்மாவோடு போனது ஃபிராங்க்ஃபர்ட் வழியாக. பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் அவர் கால் வீங்கி, செருப்பு வார் புறங்காலில் தடம் பதித்திருந்தது. இறங்கி, முகம் கழுவி, அந்த நீண்ட நடைவழியில் இரண்டு முறை போய்வந்ததும் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கைப்பையோடு மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றது அலுப்புதான். ஆனாலும் இன்னும் ஐந்தாறு மணி நேரம் எழாமல் அவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்றால் ஃபிராங்க்ஃபர்ட் வழிதான் என்பேன். நாலு நாள் வேலைக்கு ஓடுகிறவர்கள் கையில் காசிருந்தால் நேரடியாகவே போகலாம். எதில் போனாலும் நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம், கடிகாரம். நியூயார்க்கில் கோடை நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் மாதங்கள்) ஓடும்போது வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். முள்ளைத் திருப்பவே வேண்டாம். அம்மாவின் கைக்கடிகாரம் திரும்பி வரும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது.