ஸ்லாட்டா, கம்பைலரா: திரெட்டுக்கான தனிச் சேமிப்பில் எங்கள் தேர்வு

ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றுக்கான பதிவுக் கருவியின் மென்பொருளை அண்மையில் புதிதாக எழுதினோம். நீரின் பிஎச், ஓட்டம், உப்பளவு ஆகியவற்றை நான்கு ஆர்எஸ்-485 கம்பி இணைப்புகள் வழியாக மோட்பஸ் என்னும் தொடர்பு நெறிமுறையில் படிக்கும் கருவி அது. இணைப்புக்கு ஒரு திரெட், அதாவது மற்றவற்றோடு மாறிமாறி ஓடும் ஒரு தனி வேலை ஓட்டம். நான்கும் ஓட்டுவது ஒரே டிரைவர் நிரலை. கடைசிப் பிழைக் குறியும் மறுமுயற்சிக் கணக்கும் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனியாக இருந்தாக வேண்டும்.

எங்கள் முன் இருந்தவை இரண்டு: ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பாயின்டர் ஸ்லாட்டுகள் (திரெட்டுக்குத் தனியாக நினைவக முகவரி வைக்கும் எண்ணிட்ட இடங்கள்), ஜெஃபைரில் கம்பைலர் வழியாகக் கிடைக்கும் திரெட் சேமிப்பு. இரண்டும் சிறு கருவிகளுக்கான இயங்குதளங்கள். ஜெஃபைரை எடுத்துக்கொண்டோம். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே எடுப்பேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கார்டெக்ஸ்-எம் வகை சிப்பில் திரெட் பாயின்டருக்கென்று (திரெட்டின் தனிச் சேமிப்பு இருக்கும் முகவரிக்கு) தனிப் பதிவேடு (ரெஜிஸ்டர்) கிடையாது. ஆகவே ஜெஃபைர் திரெட் மாறும்போதெல்லாம் முகவரியை ஒரு பொது மாறியில் எழுதிவைக்கிறது. படிக்கும்போது ஒரு சிறு ஃபங்ஷன் அழைப்பு செலவாகிறது. ஸ்லாட்டைப் படிப்பதும் ஃபங்ஷன் அழைப்புத்தான். 9600 பாட் வேகத்தில் பேசும் மீட்டருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வேலூர், காட்பாடிப் பக்கம் படித்துவிட்டு எங்களிடம் சேரும் இளைஞர்கள் கொஞ்ச காலத்தில் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் நிரலை எழுதியவர் போன பிறகும் கருவி நிலையத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் திறந்து திருத்தப் போகிறவர் வேறொருவர்.

ஸ்லாட் வழியில் அமைப்புக் கோப்பில் எண்ணிக்கையைக் குறிப்பிட வேண்டும். இயல்பாக அது பூஜ்யம். மூன்று என்று வைத்தால் 0, 1, 2 ஆகிய ஸ்லாட்டுகள் கிடைக்கும். எது யாருக்கு என்பது கம்பைலருக்குத் தெரியாது. நாம்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஈஎஸ்பி32 சிப்புக்கான ஐடிஎஃப் என்னும் நிரலாக்கச் சூழலில் 0-ஆம் ஸ்லாட் அதன் உள்வேலைக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதை அறியாதவர் கை அங்கேதான் முதலில் போகும்.

இதைவிட மோசம், புதியவர் எண்ணிக்கையைக் கூட்டாமல் 3-ஆம் ஸ்லாட்டில் எழுதுவது. எழுதியது ஓசையின்றிக் கைவிடப்படும். படித்தால் நல் (null) பாயின்டர், அதாவது 0 என்ற வெற்று முகவரி வரும். எஸ்டிஎம்32 வகை கார்டெக்ஸ்-எம் சிப்பில் முகவரி 0 வழக்கமாக ஃபிளாஷின் தொடக்கத்தைக் காட்டுவதால், நல் பாயின்டர் வழியே படித்தாலும் சிப் நின்றுவிடாது. அங்கிருக்கும் வெக்டர் அட்டவணையின் (சிப் தொடங்கும்போது பார்க்கும் முகவரிப் பட்டியலின்) முதல் பைட்டுகளையே தரவு என்று தந்துவிடும். பாலாற்றங்கரை ஊர்களுக்குக் கழிவுநீர்க் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொய் எண்ணைப் பதிவு செய்யும் கருவியைவிட நின்றுபோகும் கருவியே மேல்.

நினைவக விடுவிப்பும் நம் தலையில்தான். அசல் ஃப்ரீஆர்டிஓஎஸ் ஒரு டாஸ்க்கை (திரெட்டுக்கு அது வைத்திருக்கும் பெயர்) அழிக்கும்போது ஸ்லாட் சுட்டும் நினைவகத்தைத் தொடாது. ஐடிஎஃப் மட்டும் அதற்கு ஒரு கால்பேக் (அழிக்கும்போது தானாக அழைக்கப்படும் ஃபங்ஷன்) தருகிறது.

ஜெஃபைரில் அமைப்புக் கோப்பில் ஒரு வரி, மாறியின் அறிவிப்பில் ஒரு குறிச்சொல், அவ்வளவுதான். மாறிக்குப் பெயர் இருக்கிறது, வகை இருக்கிறது, தொடக்க மதிப்பு இருக்கிறது. இரண்டு பேர் தெரியாமல் ஒரே இடத்தைப் பிடிக்கும் பேச்சே எழாது. புதியவர் பிழை செய்தால் பெரும்பாலும் கம்பைலரே தடுத்துவிடும்.

இதற்கு விலையும் உண்டு. அந்த இடம் ஒவ்வொரு திரெட்டின் ஸ்டேக்கிலிருந்தும் (அதன் தற்காலிக வேலை நினைவகத்திலிருந்து) எடுக்கப்படுகிறது, மாறியைத் தொடாத திரெட்டுகளிலிருந்தும்கூட. மோட்பஸ் சட்டகம், அதாவது ஒரு செய்தி, 256 பைட் வரை போகும். அதைத் தாங்கும் பஃபரை அப்படியே திரெட் மாறியாக அறிவித்தால், வேறு வேலை இல்லாதபோது ஓடும், சில நூறு பைட் ஸ்டேக்குடன் இருக்கும் ஐடில் திரெட் திணறிப்போகும். அதனால் பஃபருக்கான பாயின்டரை மட்டுமே அங்கே வைக்கிறோம். இன்டரப்டுக்குள் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் நிரலுக்குள்) இந்த மாறிகளைத் தொடவும் கூடாது. அந்த நேரத்தில் குறுக்கிடப்பட்ட திரெட்டின் மதிப்புதான் கைக்கு வரும்.

ரிஸ்க்-வி சிப்பில் திரெட் பாயின்டருக்கே தனிப் பதிவேடு இருப்பதால் கம்பைலர் வழி இன்னும் இலகுவாக இருக்க வேண்டும். ஆனால் அத்தகைய சிப்பை நாங்கள் களத்தில் ஓட்டியதில்லை. மேசையில் பார்த்ததோடு சரி. நட்எக்ஸ் என்னும் இன்னொரு இயங்குதளம் பற்றியும் அதே அளவுதான் சொல்ல முடியும்.

ஏற்கெனவே ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஓடும் பழைய பலகைகளை மாற்றுவதாக இல்லை. அவற்றில் ஸ்லாட் பெயர்கள் அனைத்தையும் ஒரே ஹெடர் கோப்பில் enum-ஆக (வரிசை எண் பெறும் பெயர்ப் பட்டியலாக) வைத்து, அதன் கடைசி எண் அமைப்புக் கோப்பின் எண்ணிக்கையோடு பொருந்தாவிட்டால் கம்பைலே ஆகாதபடி ஒரு சோதனை வரி சேர்த்திருக்கிறோம்.