வெளிநாட்டில் குடியேற நகரமா, இயற்கைச் சூழலா: சில வருடங்கள் வாழ்ந்த பிறகு தெரியவருபவை

குடியேறும் ஊரைச் செவ்வாய்க்கிழமை மாலையை வைத்து எடைபோடுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பி, சமையலைத் தொடங்குமுன் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் நடந்தே எங்கே போய்வர முடியும் என்பதுதான் வருடக்கணக்கில் உங்களோடு இருக்கப்போகிற கேள்வி. ஏரியும் மலையும் காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால், முதல் வருடம் வாராவாரம் போவார்கள். இரண்டாம் வருடம் மாதம் ஒருமுறை. அப்புறம் விருந்தாளி வந்தால்தான்.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்துச் செய்யப்பட்டது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று வெளியில் இருப்பவர்கள், அறவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் எடுத்தாலும் பிரித்து எடுத்தாலும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலை, பிள்ளைகள், காகித வேலைகள் எல்லாம் கழுத்தை நெரிக்கும் புதுநாட்டில் இந்த 120 நிமிடம் தினசரிப் போக்குவரத்திலேயே தானாகச் சேர வேண்டும். தனியாகத் திட்டம் போட்டுச் சேர்க்கவேண்டிய நிலை என்றால் அது சேராது.

இதை அளக்க நகர்ப்புற வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021-இல் முன்வைத்த 3-30-300 விதி கைகொடுக்கும். வீட்டிலிருந்து 3 மரங்களாவது தெரிய வேண்டும், அந்தப் பேட்டையில் 30 சதவீத இடத்துக்கு மேலே மரக்கிளைகள் கவிந்திருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்காவோ பசும்வெளியோ இருக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே சோதித்துவிடலாம். அதிக நேரம் உட்காரப்போகும் அறையின் ஜன்னலருகே நின்று மரங்களை எண்ணுங்கள். 300 மீட்டரை மட்டும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். குறுக்கே நெடுஞ்சாலையோ தண்டவாளமோ ஓடினால் சுற்றிக்கொண்டு போகிற தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும்.

வரைபடத்தில் பச்சையாக இருக்கிற இடத்திலெல்லாம் கால்வைக்கவும் முடியாது. நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிர்செய்யாத திறந்த நிலத்தில் யாரும் நடக்கலாம். ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் ஏறக்குறைய அதே உரிமையைத் தருகிறது. எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் அப்படி இஷ்டம்போல் நடக்கிற உரிமை சுமார் 8 சதவீத நிலத்துக்குத்தான். மற்ற இடங்களில் குறித்துவைத்த பொதுப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் காடாக இருக்கும், ஆனால் முழுக்கத் தனியாருடையது. அங்கே நடைப்பயிற்சிக்குப் போகவும் காரை எடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் எத்தனை பொதுப் பாதைகள் வட்டமடித்து வீட்டுக்கே திரும்புகின்றன என்று பாருங்கள். போன வழியே திரும்பவேண்டிய ஒற்றைப் பாதை சீக்கிரம் சலித்துவிடும்.

முதல் ஒன்றரை வருடம்

இந்தக் காலத்தை நகரத்தில் கழிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முகவரிப் பதிவு, விரல்ரேகை, வரி எண், வங்கிக் கணக்கு, மொழி வகுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நேரில் போகவேண்டியிருக்கும். இவற்றைவிட முக்கியமானது விசா. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பிரிட்டனில் ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற நிறுவனம், கைவிட்டாலும் வழக்கமாகக் கிடைப்பது 60 நாள்தான். அதற்குள் இன்னொரு நிறுவனத்தைப் பிடித்து, அவர்கள் உங்களுக்காக விண்ணப்பமும் போட்டாக வேண்டும். ஒரே ஆலையையோ ஒரே மருத்துவமனையையோ நம்பிப் பிழைக்கும் அழகான சிற்றூரில் அந்த இரண்டாவது நிறுவனம் இருக்காது. கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கவேண்டிய குடும்பமென்றால் இரண்டு பேரின் துறைக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒருவருக்கு வேலையும் மற்றவருக்கு மலைக்காட்சியும் கிடைக்கும் ஊரில் இரண்டாமவர்தான் முதலில் சோர்ந்துபோவார்.

ஆஸ்திரேலியாவின் 491 விசா போல, பெருநகரத்துக்கு வெளியே வாழ்வதையே நிபந்தனையாக வைக்கும் வழிகளும் உண்டு. விசாவுக்கு ஆள் எடுக்கும் புள்ளிக் கணக்கில் அதற்குக் கூடுதலாக 15 புள்ளிகள் கிடைக்கும். ஐந்து வருட விசா அது, குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிறகு நிரந்தர வசிப்புரிமையான 191-க்கு விண்ணப்பிக்கலாம். இப்படிப் பெருநகரத்துக்கு வெளியே உள்ள பகுதியை அங்கே ‘ரீஜனல்’ என்பார்கள்; அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்டுப்பண்ணையும் மண்சாலையும்தான் என்று பயந்து பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற எல்லாமே இந்தக் கணக்கில் வரும். பெர்த், அடிலெய்ட், கான்பெரா உட்பட. முழு நகர வசதியோடு, கடற்கரையோ மலையடிவாரமோ எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்கள் இவை.

நகரத்தில் என்ன குறை என்று பார்த்தால், சில மாதங்களிலேயே தெரியவருவது இரைச்சல். சாலைப் போக்குவரத்து இரைச்சல் நாள் முழுவதற்குமான கணக்கில் 53 டெசிபெலையும் இரவில் 45 டெசிபெலையும் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பாவுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி. முக்கியச் சாலையைப் பார்த்த படுக்கையறையில் ஜன்னலைத் திறந்தால் இது சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். மூடிவைத்தால் கோடையில் வெந்துபோக வேண்டியதுதான். ஒரே கட்டடத்தில் முற்றத்தைப் பார்த்த வீடு கிடைத்தால், சாலைப் பக்கத்தைவிட அறை சின்னதாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

காட்டருகே வீடு எடுத்தால்

வாடகையில் மிச்சமாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். கார் கணக்கை வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். பேருந்து மணிக்கு ஒன்று என்றால், வேலைக்குப் போகிற இரண்டு பேருக்கு இரண்டு கார் தேவைப்படும். லைசென்ஸ் அடுத்த தலைவலி. வெளிநாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் 6 மாதம், பிரிட்டனில் 12 மாதம் ஓட்டலாம். லைசென்ஸை அப்படியே மாற்றிக்கொள்ள உங்கள் நாட்டோடு ஒப்பந்தம் இல்லையென்றால் அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் முடிக்க வேண்டும். தேர்வுத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகும் இடங்கள் இருக்கின்றன. இறங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். ஊர்க் குழாய் இணைப்பு இல்லாத வீட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கும், அதன் மோட்டார் மின்சாரத்தில் ஓடும். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் விளக்கு, குடிநீர், கழிப்பறைத் தண்ணீர், வீட்டுச் சூடு எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். நகரத்திலிருந்து வருபவர்கள் இந்தச் சங்கிலியை யோசித்திருக்கவே மாட்டார்கள். மின்சாரம் போனாலும் எரியும் விறகடுப்பு இருக்கிறதா, போன வருடம் எத்தனை நாள் மின்வெட்டு என்று வீட்டுக்காரரிடமும், முக்கியமாகப் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரை வருடம் ஒருமுறையாவது கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் தனியார் கிணறுகள் கூட்டாட்சிக் குடிநீர்ச் சட்டத்தின் வரம்பிலேயே வருவதில்லை, பொறுப்பு முழுக்க உங்களுடையது.

செப்டிக் டேங்கை 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியாக எடுத்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். சமையல் எண்ணெயை வடிகாலில் ஊற்றுவதும், ஈரத்துடைப்பான்களைக் கழிப்பறையில் போடுவதும் தொட்டியை நிரப்புவதோடு நிற்காது. தொட்டிக்கு அப்பால் கழிவுநீர் மண்ணில் இறங்கும் வடிநிலத்தை அடைத்துவிடும். தொட்டியைச் சுத்தம் செய்யலாம், வடிநிலம் கெட்டால் தோண்டிப் புதிதாகத்தான் போட வேண்டும். அதன்மேல் கார் நிறுத்தினாலும் மண் இறுகி இதே கதிதான்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இணையத்தை எந்த வழியில் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் என்றால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடிக்கு மேல் தாமதம், வீடியோ கூட்டத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டே இருப்பீர்கள். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் புதிய வகை நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். நீங்கள் ஆசைப்பட்டு வந்த உயரமான மரங்களே குறுக்கே நின்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பை அறுக்கும்.

மத்திய, வட ஐரோப்பாவில் காடும் உயரமான புல்லும் உள்ள இடங்களில் உண்ணி ஒரு நிஜமான ஆபத்து. அது பரப்பும் மூளையழற்சிக்குத் தடுப்பூசி உண்டு. முதலிரண்டு ஊசிக்கு நடுவே ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி, பல மாதம் கழித்து மூன்றாவது. குளிர்காலத்திலேயே தொடங்கினால் வசந்தத்துக்குள் பாதுகாப்பு வந்துவிடும். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோய்க்கு அந்த ஊசி உதவாது. எனவே நடந்துவிட்டு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, பிள்ளைகளுக்குக் காதின் பின்புறம், தலைமயிர் ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேரே இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் விரிந்துகொண்டே போகும் சிவப்பு வளையம் தெரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்பி மலைப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று அடியில் தங்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ளும். வீடுகளின் விறகுப் புகை நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். சால்ட் லேக் சிட்டியில் குளிர்காலம்தோறும் இந்த மூடுபுகை பெரிய பிரச்சினை. தாய்லாந்தின் சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை. பி.எம். 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆண்டுச் சராசரியாக கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரி நன்றாக இருந்தாலும் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். காட்டுத்தீ பகுதியென்றால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாக விலை வாங்குங்கள். கொடுக்கவே மறுத்தால் அந்த இடத்தைப் பற்றி அதைவிடத் தெளிவான தகவல் வேறில்லை.

வெளிச்சக் கணக்கு

வெப்பமண்டலத்திலிருந்து வருபவர்கள் குளிருக்குத் தயாராக வருகிறார்கள், இருட்டுக்கு அல்ல. குளிருக்கு உடுப்பு உண்டு. டிசம்பர் கடைசியில் ஹெல்சின்கியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. பகலின் நீளத்தோடு சூரியனின் உயரத்தையும் பார்க்க வேண்டும், கணக்கு எளிது: 90-இலிருந்து அந்த ஊரின் அட்சரேகையையும் 23.4-ஐயும் கழித்தால், வருடத்தின் மிகக் குட்டையான நாளில் நண்பகல் சூரியன் எத்தனை பாகை மேலே நிற்கும் என்பது வரும். 60 பாகை அட்சத்தில் அது வெறும் 6.6. அந்த உயரத்தில் 10 மீட்டர் மரவரிசை 86 மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். 52 பாகையில் அதே மரங்களின் நிழல் 38 மீட்டர். கோடையில் பார்த்து மயங்கிய காட்டோர வீடு, தெற்குப் பக்கம் மரமிருந்தால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலே படாமல் கிடக்கக்கூடும். நார்வேயின் ருயுகான் ஊர் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை மலைநிழலில் மூழ்கிவிடும். 2013-இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தித்தான் ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். தென் அரைக்கோளத்தில் இதெல்லாம் தலைகீழ். மெல்பர்னிலோ ஆக்லாந்திலோ வடக்குப் பார்த்த ஜன்னல்தான் வெயில் ஜன்னல்.

இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆஸ்லோவில் மெட்ரோ 1-ஆம் தடத்தின் கடைசி நிலையமான ஃப்ரோக்னர்சேட்டரனில் இறங்கினால் காட்டுப் பாதை. சூரிச்சில் எஸ்10 ரயில் ஊட்லிபெர்க் மலைமேலேயே கொண்டுவிடும். வியன்னாவில் டி டிராம் நுஸ்டோர்ஃப் வரை போகிறது, அங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியே முதலாம் நகர நடைப்பாதை. ஹாங்காங்கில் நிலப்பரப்பில் சுமார் 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட பூங்கா. இப்படிப்பட்ட ஊர்களில் தடத்தின் கடைசி மூன்று நான்கு நிலையங்களுக்குள் வீடு தேடுவதுதான் என் பரிந்துரை. ஞாயிறு மாலை எத்தனை மணிக்குக் கடைசி வண்டி, குளிர்கால அட்டவணையில் எத்தனை வண்டி குறைகிறது என்பதை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள்.

வயதானவர்கள் உடன் வருவதானால் மருத்துவமனைத் தூரம் எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்குமுன் ஸ்கேனும் முடிந்திருக்க வேண்டும். எனவே ஊர்ச் சிகிச்சையகத்தின் தூரத்தை விடுங்கள், பக்கவாதப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் பனிநாளில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பிள்ளைகள் விஷயத்தில் வயதைப் பொறுத்து நிலைமை மாறும். பத்து வயதுவரை காடும் ஓடையும் அவர்களுக்குப் பொன். பதின்மூன்றைத் தாண்டியதும் நண்பன் வீட்டுக்குப் போகக்கூட அப்பாவின் காரை எதிர்பார்க்கிற இடம் அவர்களுக்குச் சிறையாகிவிடும்.

முன்னோட்டம் பார்க்கப் போவதானால் அந்த ஊரின் மோசமான மாதத்தில் இரண்டு வாரம் தங்குங்கள். வடக்கே நவம்பர், புகைப் பகுதியில் மார்ச், சுற்றுலா ஊரில் உச்சப் பருவம். விடுப்பு எடுக்காமல், அங்கிருந்தே வேலை பார்த்து, வாரநாளில் கடைக்கும் மருந்தகத்துக்கும் போய்வாருங்கள். சுற்றுலா ஊர்களில் அக்டோபர் முதல் மே வரை மட்டும் மலிவாக வீடு கொடுத்து, கோடையில் காலி செய்யச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. முடிவுத் தேதியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நான்கு பருவமும் ஒரே இடத்தில் கழியும்வரை வீடு வாங்க வேண்டாம். ஜெர்மனியில் வாடகைதாரர் காலி செய்யச் சட்டப்படி மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், குறைந்தபட்ச வாடகைக் காலம் என்று ஒப்பந்தத்தில் தனியாக ஏதும் எழுதியிருந்தால் அதுவும் சேரும். லைசென்ஸும் நிரந்தர வசிப்புரிமையும் கைக்கு வந்த பிறகு, அதே ரயில் தடத்தில் இன்னும் இரண்டு மூன்று நிலையம் தள்ளிப் போனால் வேலையை மாற்றவேண்டியிருக்காது. பள்ளி எல்லையும் குடும்ப மருத்துவரின் எல்லையும் அங்கே மாறுகின்றனவா என்று மட்டும் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.