தெரியாத கண்மாயில் விரால்: தவளையா, ஸ்பின்னரா, உயிர் இரையா?

தூண்டில் கடையில் தொங்கும் லூர்களில், அதாவது செயற்கை இரைகளில், பெரும்பாலானவை அமெரிக்காவின் பாஸ் மீனை மனதில் வைத்து உருவானவை. நம் கண்மாய்களில் பாஸ் கிடையாது. ஆனால் புல்லுக்குள் ஒளிந்திருந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து அடிக்கிற குணத்தில் விராலும் அதே ரகம்தான். அதனால் அந்தச் சாமான்கள் இங்கேயும் செல்லும். எது எப்போது செல்லும் என்பதில்தான் சிக்கல். மேலூர்ப் பக்கமோ சோழவந்தான் பக்கமோ, முன்பின் பார்த்திராத ஒரு கண்மாய்க் கரையில் நிற்கும்போது பையிலிருந்து முதலில் எதை எடுப்பது?

உயிர் இரையை முதலில் பார்த்துவிடலாம். பழகிய கண்மாயில் அதற்கு இணை கிடையாது. கெண்டைப் பொடியை முள்ளில் கோத்து, தக்கை கட்டி, விரால் கிடக்கிற புல் ஓரத்தில் விட்டால் மற்றதை மீனே பார்த்துக்கொள்ளும். ஆனால் விரால் எங்கே கிடக்கிறது என்பதுதானே நமக்குத் தெரியாது? ஓரிடத்தில் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தால், அங்கே மீன் இல்லை என்று புரிவதற்குள் வெயில் ஏறிவிடும். இரை பிடிப்பது, அதை வாளியில் சாகாமல் வைத்திருப்பது என்று பாடு வேறு. அயிரையைக் கோத்துப் போடுகிறவர்களும் உண்டு. மதுரையில் அயிரை விற்கிற விலைக்கு அதைக் குழம்பில் போடுவதுதான் நியாயம்.

லூரின் பலம், நடந்துகொண்டே தேடலாம் என்பது. ரப்பர் தவளைக்கும் சுழல்தகடு ஸ்பின்னருக்கும் போட்டி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்பின்னர் வேகமான ஆள். வீசி, ரீலைச் சீராகச் சுற்றினால் போதும். தகடு சுழன்று மினுங்கும், தண்ணீரில் அதிர்வு பரவும். மழைக்குப் பிறகு வரத்துக்கால்வாய் வழியாகச் செந்தண்ணீர் வந்து கண்மாய் கலங்கிக் கிடக்கும்போது இந்த அதிர்வுக்கு மதிப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத இரையையும் விரால் அதிர்வை வைத்தே தேடி வரும். திறந்த தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே நீண்ட தூரம் அலசிவிடலாம். குறை என்னவென்றால், முள் திறந்து கிடக்கும். நம் கண்மாய்களின் உள்வாயில், அதாவது கரைக்கு எதிரே ஆழம் குறைந்த பக்கத்தில், கருவேல மரங்கள் நிற்கும். நீர் ஏறியதும் அவற்றின் கிளைகள் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அதோடு அல்லிக் கொடி, வேலம்பாசி, ஆகாயத்தாமரை. பழகாத இடத்தில் ஸ்பின்னரை வீசினால், மீன் மாட்டுவதற்கு முன்னால் கட்டை மாட்டும்.

தவளை அப்படியில்லை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் மெத்தென்ற ரப்பர் உடம்பு. பின்னாலிருந்து இரண்டு முட்கள் மேல்நோக்கி வளைந்து, முதுகோடு ஒட்டிக் கிடக்கும். ஆகாயத்தாமரை மேலேயே விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முட்கள் வெளியே தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம். புதிதாக வாங்கியதும் இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். முள் சுலபமாக வெளியே வரவில்லையென்றால், கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு வைத்தால் ரப்பர் இளகும். பின்னால் தொங்கும் கால்கள் ரொம்ப நீளமாக இருந்தால் கத்தரியால் குறைத்துவிடலாம். விரால் காலை மட்டும் கவ்விவிட்டுப் போவது அதனால் குறையும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே புகுந்த தண்ணீரைப் பிதுக்கி எடுக்க வேண்டும். இல்லையென்றால் தவளை பாதி முழுகியபடி இழுபடும், ஒன்றும் சீண்டாது.

தவளையில் ஆளைச் சோதிப்பது அடி விழுகிற நேரம். புல்லைப் பிளந்துகொண்டு ‘பளார்’ என்று சத்தம் வரும். கை தானாகவே சுண்டும். அப்போது சுண்டினால் தவளை மட்டும் நம் முகத்தை நோக்கிப் பறந்து வரும். ராடைத் தாழ்த்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பு கனமாக இழுபடுவது தெரிந்த பிறகு பலமாகச் சுண்ட வேண்டும். புல்லுக்குள்ளிருந்து மீனை உருவி எடுக்க வேண்டியிருப்பதால் சாதாரண நைலான் நரம்பு இதற்குப் பத்தாது. 30, 40 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னல் நரம்பு) ஏழடி விறைப்பான ராடும் வேண்டும். ஸ்பின்னருக்கு இவ்வளவு தேவையில்லை. செலவுக் கணக்கில் அது ஜெயிக்கும்.

ஆனாலும் புல் அடர்ந்த புதுக் கண்மாய் என்றால் என் ஓட்டு தவளைக்குத்தான். ஸ்பின்னர் போகாத இடங்களில்தான் விரால் கிடக்கிறது. தவளையை அடித்துவிட்டு மீன் தவறிப்போனாலும் லாபமே, ஏனென்றால் இடம் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் விட்டு, அதே ஓட்டையில் முள்ளை உள்ளே புதைத்த ரப்பர் புழுவை மெதுவாக இறக்கினால் பல சமயம் திரும்பவும் கவ்வும். புழு தேடுவதற்கு ஆகாது, ஆமை வேகம். இந்த இரண்டாம் சுற்றுக்கு மட்டும் அதற்குப் பையில் இடம் கொடுக்கலாம்.

எதை வீசினாலும், வீசுவதற்கு முன்னால் கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பாஸ் செய்யாத ஒரு உதவியை விரால் செய்யும்: காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன் அது. புல் இடுக்கில் ஒரு ‘களுக்’, சின்னதாக ஒரு வளையம், பிறகு நாலைந்து குமிழி. காலை அமைதியில் இது நன்றாகவே கேட்கும். சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் ஒன்று கொப்பளிக்கிற மாதிரி மேலே வந்து போனால், அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன. அங்கே எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும். நான் அதை வீரமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த இரண்டையும் தூக்கிவிட்டால் குஞ்சுகளைக் குறவையும் கெளுத்தியும் முடித்துவிடும். விட்டுவிட்டு நகருங்கள்.

இடத் தேர்விலும் ஒரு போட்டி உண்டு, மடைப்பக்கமா உள்வாயா என்று. கண்மாய் இயற்கை ஏரி மாதிரி நடுவில் ஆழமாக இருக்காது. கரையை ஒட்டி, மடைக்கு முன்னால்தான் ஆழம். எதிர்ப்பக்கம் போகப் போகத் தரைமட்டம். தை, மாசியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது காலையில் உள்வாய்ப் புல்லில் தவளை. வெயில் ஏறி, தண்ணீரும் வற்றத் தொடங்கிய பங்குனி, சித்திரையில் மடைக்குழி. மண் அள்ளிய பள்ளங்களும் நல்ல இடம்தான், ஆனால் அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம். இடுப்பளவு என்று நினைத்து வைக்கிற அடுத்த காலடி ஆள் உயரத்துக்குப் போய்விடும்.

அப்புறம், பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமை, ஒருவரிடம் இருக்கும். கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டவரிடம் கேட்காமல் ராடை விரிப்பது முறையில்லை. ‘அண்ணே, ரெண்டு விரால் மட்டும் பாத்துக்கிறேன்’ என்று கேட்டால் சிலர் விடுவார்கள், சிலர் காசு கேட்பார்கள், சிலர் ‘போப்பா’ என்பார்கள். விடுகிறவர் பேச்சுவாக்கில் ‘அந்த ரெண்டாவது மடைக்கிட்ட கெடக்கும்’ என்று கையைக் காட்டிவிட்டாரென்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். தேடும் வேலை முடிந்துவிட்டதால் உயிர் இரை முதலிடத்துக்கு வந்துவிடும்.

ஸ்பின்னர் தவளையைச் சுத்தமாகத் தோற்கடிக்கிற இடமும் ஒன்று உண்டு. கண்மாய் பெருகி மறுகால் பாயும் நாட்களில், உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குக்குக் கீழே தண்ணீர் விழுந்து சுழலுமே, அங்கே புல்லும் இல்லை, கட்டையும் இல்லை. விழுகிற தண்ணீரில் தடுமாறி வரும் பொடிமீனுக்காக விரால் ஓரத்தில் காத்துக் கிடக்கும். ஓட்டத்தில் தவளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்பின்னரைக் குறுக்கே வீசி, ஓட்டத்தோடு விட்டு, சுழல் ஓரம் வந்ததும் சுற்ற ஆரம்பியுங்கள்.