வாசலில் பாடிபம்ப், உள்ளே வேறு ஏதோ: வருடச் சந்தா கட்டுவதற்கு முன் படியுங்கள்

பாட்டுக்கு ஏற்ப பார்பெல் (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டிய கம்பி) தூக்கும் பாடிபம்ப் என்ற குழு வகுப்பில் சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்த ஜிம்மின் வாசலில் "பாடிபம்ப்" என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது, அதை நம்பித்தான் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். அது எந்த ஜிம்மும் எடுத்து ஒட்டிக்கொள்ளக்கூடிய பெயர் கிடையாது. நியூசிலாந்தின் லெஸ் மில்ஸ் நிறுவனத்துடையது, உரிமம் வாங்கிய இடத்தில், அவர்களிடம் பயிற்சி முடித்தவர்தான் நடத்த வேண்டும்.

முழு வகுப்பு என்றால் 10 பாட்டு. வார்ம் அப், ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), நெஞ்சு, முதுகு, டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்பக்கத் தசை), பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து மடங்கி எழுவது), தோள், வயிறு, கூல் டவுன். நெஞ்சுக்கும் டிரைசெப்ஸுக்கும் நடுவில் முதுகு வருவதைக் கவனியுங்கள், நெஞ்சுப் பயிற்சியில் கம்பியைத் தள்ளும்போது டிரைசெப்ஸும் வேலை செய்கிறது, அப்படித் தள்ளிக் களைத்த கைக்கு அந்த ஒரு பாட்டு நேரம்தான் ஓய்வு. இங்கே நடத்தியவரோ கையில் போனை வைத்துக்கொண்டு, அதில் ஓடும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சு, தோள், டிரைசெப்ஸ் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, திரும்பவும் பெஞ்சில் படுக்கச் சொன்னார். கை நடுங்க நடுங்கக் கழுத்துக்கு மேலே கம்பியைப் பிடித்திருப்பவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கம்பியில் தட்டு நழுவாமல் பிடிக்கும் கிளிப் பாதிப் பேருக்கு இல்லை. பக்கத்தில் இருந்தவர் கம்பியைத் தோளுக்கு ஏற்றும்போது ஒரு பக்கம் சாய்ந்து, தட்டு உருவிக்கொண்டு வந்து என் பாதத்துக்கு ஒட்டினாற்போல் விழுந்தது. "பார்த்துத் தூக்குங்க" என்றார்கள், அவ்வளவுதான்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது புதிதாக வருகிறவர்களை நடத்திய விதத்தில். லெஸ் மில்ஸே புதியவர்களுக்குக் குறைந்த எடையோடு முதல் நாலைந்து பாட்டு போதும் என்கிறது. இங்கே ஒருவர் பாதியில் கிளம்பியபோது நிறுத்தி, முழுசாக முடிக்க வைத்தார்கள். பழகாத உடம்பில் இத்தனை முறை எடை தூக்கினால் தசை சிதைந்து சிறுநீரகம்வரை பாதிக்கப்படலாம், ராப்டோமயாலிசிஸ் என்பார்கள். கடுமையான வலியோ வீக்கமோ வந்து சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு மேலாளர் ரசீதை எடுத்துக் காட்டினார், அதில் "குழு வகுப்பு" என்று மட்டும்தான் இருந்தது. உரிமத்தைக் காட்டச் சொன்னேன், பதிலே இல்லை. வேண்டுமானால் டிரெட்மில்லில் ஓடிக்கொள்ளலாமாம். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இதுவரை ஒரு வரி பதில் வரவில்லை.

உரிமம் உள்ள இடங்களை லெஸ் மில்ஸ் இணையதளத்திலேயே தேடலாம். ஒரு வகுப்பை முழுதாகப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், கட்டினால் ரசீதில் வகுப்பின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.