தோப்பா, மண்டபமா? பதினொரு கேரவன்களை எங்கே நிறுத்துவது

எங்கள் கேரவன் குழுவின் வார இறுதிச் சந்திப்பை நடத்தும் பொறுப்பு அடுத்தடுத்த இரண்டு மார்கழிகளில் என்னிடம் வந்தது. நான் கும்பகோணத்துக்காரன். கோவை, சென்னை, மதுரை என்று பல ஊர்களிலிருந்து வரும் நண்பர்களுக்கு எங்கள் காவிரிப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. முதல் ஆண்டு பாபநாசத்துக்கு அருகே, குடமுருட்டிப் பாசனத்தில் உள்ள ஒரு தென்னந்தோப்பில் நடத்தினேன். மறு ஆண்டு கும்பகோணத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில். இரண்டு முறையும் பதினொரு வண்டிகள் வந்தன, குழந்தைகளோடு முப்பதுக்கு மேற்பட்டவர்கள். இன்று யாராவது டெல்டாவில் எங்கே கூடலாம் என்று கேட்டால், தயங்காமல் மண்டபம் என்றுதான் சொல்வேன்.

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நிற்கும் பெரிய வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் வேனின் மேல் கட்டியவை. உள்ளே படுக்கை, சிறிய சமையல் மேடை, நீர்த் தொட்டி, கழிவறை. கூரையில் ஏசியும் சூரியத் தகடும். உயரம் பத்தடியை நெருங்கும்.

அழகைப் பொறுத்தவரை போட்டியே இல்லை, தோப்புதான். விடியலில் பனி கீற்றுகளில் திரண்டு சொட்டும். பக்கத்து ஊர்க் கோயிலில் திருப்பாவை ஒலிக்கும். வரப்பைத் தாண்டினால் கதிர் வாங்கிய சம்பா. மண்டபத்தில் இது எதுவும் கிடையாது. சிமெண்ட் தரையும், சாலையில் விடிய விடிய ஓடும் பஸ் சத்தமும்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், இதற்காகவா முந்நூறு கிலோமீட்டர் வந்தோம் என்று முதல் இரவில் கேட்டே விட்டது. அவர்கள் கேட்டதில் தவறில்லை.

வாடகை விஷயம் சுலபமானது. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. தை பிறக்கும்வரை மண்டபங்கள் பூட்டியே கிடக்கும். முகூர்த்த நாள் வாடகையில் பாதிக்கும் குறைவாகவே எங்களிடம் வாங்கினார்கள். சமையற்கூடமும் பாத்திரங்களும் அதிலேயே அடக்கம். ஞாயிறு காலை வெண்பொங்கலை ஒரே அண்டாவில் வைத்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆடியிலும் மண்டபங்கள் இப்படிக் கிடைக்கும்.

தரையைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. நெல்லைத் தாங்கும் காவிரி வண்டல் நான்கு டன் வண்டியைத் தாங்காது. தோப்பில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம்தான் மழை பெய்தது. ஒரு வண்டியின் பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. சவுக்குக் கட்டைகளை அடுக்கி, டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்து முடிக்கும்போது இரவு எட்டு மணி. தென்னைக்கு நேர் கீழே யாரும் வண்டியை நிறுத்தவும் கூடாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்ததில் ஒரு வண்டியின் கூரைச் சாளரம் விரிசல் கண்டது.

மின்சாரத்தில் பலர் ஏமாறுவார்கள், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். தோப்பில் பம்புசெட் இருக்கிறதே, மும்முனை இணைப்பு இருக்கிறதே என்று தோன்றும். அது பாசனத்துக்காக அரசு இலவசமாகத் தரும் மின்சாரம். அதிலிருந்து கேரவனுக்கு ஒயர் இழுப்பது விதிமீறல். பிடிபட்டால் அபராதம் தோப்புக்காரர் தலையில் விழும். விருந்தாளியாகப் போய் அப்படி ஒரு வம்பை அவருக்கு வைத்துவிட்டு வரக் கூடாது. மண்டபத்தில் முறையான இணைப்பும் ஜெனரேட்டரும் இருந்தன. ஒரு கேரவனின் ஏசிக்கு ஏறக்குறைய 1.5 கிலோவாட் வேண்டும். பதினொன்றும் சேர்ந்து ஓடினால் 16 கிலோவாட்டைத் தாண்டும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து வண்டிகளை நான்கு, நான்கு, மூன்று என்று மூன்று முனைகளிலும் பிரித்து இணைத்தோம். மார்கழிக் குளிரில் ஏசியை யாரும் போடவில்லை. பேட்டரிகள் நிரம்பின, குளிர்பெட்டிகள் ஓடின, அது போதுமாக இருந்தது.

இவையெல்லாம் பாதகமாக இருந்தும் தோப்பின் அழகுக்காக நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனத்தை மாற்றியது கழிவறைத் தொட்டி.

கேரவன் கழிவறைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தொட்டியைப் பெட்டிபோல் வெளியே இழுத்து எடுக்கலாம். இருபது லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாள் தாங்கும்; குழந்தைகளோடு நால்வர் என்றால் ஒன்றரை நாளில் நிறைந்துவிடும். மற்றொன்று வண்டியின் அடியில் நிலையாகப் பொருத்தியது. குழாய் மாட்டித்தான் காலி செய்ய முடியும். வெள்ளி மாலை கூடி ஞாயிறு மதியம் கலையும் சந்திப்பில், ஞாயிறு காலை எல்லாத் தொட்டிகளும் ஒருசேர நிறைந்து நிற்கும். எங்களிடம் எட்டுப் பெட்டித் தொட்டிகளும் மூன்று நிலைத் தொட்டிகளும் இருந்தன. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 350 லிட்டர். தோப்பை ஏற்பாடு செய்தபோது இந்தக் கணக்கை நான் போடவே இல்லை.

தோப்பில் ஒரே ஒரு கழிவறை. அதன் பின்னால் சிமெண்ட் உறை இறக்கிய குழி. கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் விடுவதுதான் அந்தக் குழியின் வேலை. ஆனால் டெல்டாவில் மார்கழியில் மண்ணே ஊறிக் கிடக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு பெய்து ஓய்ந்திருக்கும். மண்வெட்டியால் கொஞ்சம் ஆழமாக வெட்டினாலே நீர் ஊறுகிற நேரம் அது. குழிக்குள் ஊற்றியது எங்கே இறங்கும்? மூன்றாவது பெட்டியைக் கவிழ்த்தபோதே நீர் மூடியின் விளிம்புவரை வந்துவிட்டது. இருபதடி தள்ளி அடிபம்பு. அந்த வீட்டார் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

நான் ஓடிப்போய் எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். அதற்குள் எங்களில் ஒருவர், வேறு வழி தெரியாமல், தன் பெட்டியைத் தோப்பின் ஓரத்து வாய்க்காலில் கவிழ்த்திருந்தார். கழிவறையில் நாற்றம் வராமல் இருக்க ஊற்றும் நீல மருந்து நீரில் ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. தோப்புக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியை எடுத்து, இரண்டு வெட்டு வெட்டி, பக்கத்து வயலுக்குப் போகும் மடையை முதலில் அடைத்தார். காலால் மிதித்து மண்ணை இறுக்கினார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது கீழே நாலு வேலி நிலத்துக்குப் பாய்கிற தண்ணீர். பொங்கலுக்கு அறுக்கிற நெல்."

நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். கவிழ்த்தவரும் கேட்டார், இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறார். அவர் ஒருவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இடம் பார்த்தவன் நான். டெல்டாவில் தலைமடையில் விட்டது கடைமடைவரை போகும். ஒருவர் வாய்க்காலில் பாய்கிற நீர்தான் அடுத்தவர் வயலிலும் பாய்கிறது, அதற்கடுத்த ஊரில் மாடும் குடிக்கிறது. மீதிப் பெட்டிகளை என் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலி செய்தோம்.

மறு ஆண்டு மண்டபத்தைப் பார்க்கப் போனபோது மேடையையும் விளக்கையும் நான் பார்க்கவில்லை. உரிமையாளரிடம் முதலில் கேட்டது, செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதுதான். ஐந்நூறு பேர் வந்து போகும் இடத்துக்குக் கட்டிய தொட்டிக்கு எங்கள் எட்டுப் பெட்டிகள் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நீல மருந்து அங்கேயும் கெடுதல். அந்த வகை மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். ஆகவே ஒரு மாதம் முன்பே எல்லோரையும் என்சைம் கலந்த திரவத்துக்கு மாறச் சொன்னேன். மாறாத ஒருவருக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம். வெளிப்புறக் கழிவறை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அருகில் வாளி, கையுறை, சோப்பு வைத்தோம். நிலைத் தொட்டி உள்ள மூன்று வண்டிகளுக்கு உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்தோம். சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்குவார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பேசி முடித்தேன். அரை மணி நேரத்தில் மூன்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையாக இருந்தேன். மண்டபத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். எங்களில் ஒருவர் நூறு ரூபாயை நீட்டி, பெட்டியை அவர் கையில் கொடுக்கப் பார்த்தார். நடுவில் புகுந்து தடுத்தேன். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் குடும்பத்தின் கழிவை இன்னொருவர் சுமக்க வேண்டிய அவசியம் என்ன? தன் தொட்டியைத் தானே காலி செய்வதாக ஒப்புக்கொள்பவர்கள் மட்டும் வரலாம் என்று இப்போது அழைப்பிலேயே எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தில் கவனிக்க வேண்டியது நுழைவாயில் வளைவு. உயரம் தெரியாமல் வண்டியை விட்டால் ஏசி பெயர்ந்துவிடும். பத்தரை அடி மூங்கில் கழி ஒன்றை எடுத்துப்போய் வளைவு, தாழ்ந்து தொங்கும் ஒயர், வேப்பமரக் கிளை எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்தேன். எங்களுடையவை எல்லாம் வேன் அளவு வண்டிகள். பஸ்ஸின் மேல் கட்டிய பெரிய கேரவன் எதையும் நான் மண்டபத்துக்குள் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த அளவு வண்டி வருகிறதென்றால் நேரில் போய்ப் பாருங்கள்.

கடற்கரையில் கூடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தரங்கம்பாடியில் 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டைக்கு அருகே என் வண்டியில் ஓர் இரவு தங்கியிருக்கிறேன். மறுநாள் கதவுக் கீலெல்லாம் உப்பும் மணலும். ஓர் இரவை வைத்துப் பதினொரு வண்டிகளுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தொட்டியை எங்கே காலி செய்வது என்ற கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கிறது.

தோப்பை அடியோடு ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. மேட்டூர் மூடி வாய்க்கால் வறண்டு, பங்குனியில் தரை இறுகிய பிறகு தோப்பு வேறு மாதிரி இருக்கும். என் அனுபவம் மார்கழியோடு சரி. அந்த மாதங்களில் கூடுபவர்கள் கழிவுநீர் லாரி தோப்புவரை வர வழி இருக்கிறதா, வாய்க்கால் பாலம் அதைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கண்ட வழி, இரவை மண்டபத்தில் கழித்துப் பகலில் ஊர் சுற்றுவது. சனிக்கிழமை கேரவன்களை மண்டபத்திலேயே விட்டுவிட்டு இரண்டு வாடகை வேன்களில் கிளம்பினோம். கும்பகோணத்துத் தெருக்களில் கேரவனை ஓட்டுவது வீண் சிரமம். காலையில் தாராசுரம், ஐராவதேசுவரர் கோயில் மண்டபத்தின் கல் சக்கரத்தைக் குழந்தைகள் விட்டு நகரவே இல்லை. பிறகு சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் செப்புத் திருமேனி செய்யும் பட்டறை. மாலையில் அதே தோப்பு. போகலாமா என்று கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டதும், வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

வேன்களிலிருந்து நாங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வண்டி எல்லாம் எங்கே தம்பி?"

"மண்டபத்தில் நிற்கின்றன ஐயா. தொட்டியும் அங்கேதான்."

அவர் தலையசைத்துவிட்டு, மரம் ஏறுபவரைக் கூப்பிட்டு இரண்டு குலை இளநீர் இறக்கச் சொன்னார்.